டோனி: ஒரு பொறாமைக் கதையின் சரித்திரம்

ஸினிமா சரித்திரங்களில் ழான் ரெனுவாரின் 'டோனி'க்குக் கிடைத்திருக்கும் இடம் இரண்டு வரியைத் தாண்டாது. 1934 கோடையில் தென் ஃபிரான்ஸில், ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து எடுக்கப்பட்ட படம்; பத்தாண்டு கழித்து இத்தாலியில் வரவிருந்த நியோ-ரியலிஸத்துக்கு முன்னோடி. அவ்வளவுதான். கதை என்ன என்று கேட்டால் சரித்திரக்காரர்களுக்குச் சற்றுக் கூச்சம் வந்துவிடுகிறது. கதை வெறும் மெலோடிராமாதான், ஆனால் அதை எடுத்த விதத்தைப் பாருங்கள் என்கிறார்கள். கதையை மன்னித்துவிட்டு விதத்தைப் பாராட்டும் இந்த வழக்கம் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏனெனில் 'மெலோடிராமா' என்ற சொல்லை வசவாகவே பயன்படுத்திப் பழகியவர்கள் நாம். தமிழ்ப் படங்களை எதிர்த்து நின்ற காலத்தில் அந்த வசவு நமக்குத் தேவைப்பட்டது, பயன்படவும் செய்தது. ஆனால் அதை வீசிய வேகத்தில் நாம் எதையெல்லாம் சேர்த்துத் தூக்கி எறிந்தோம் என்று எண்ணிப் பார்க்க 'டோனி' ஒரு நல்ல சந்தர்ப்பம்.

கதையைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன். பிழைப்புத் தேடி இத்தாலியிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறான் டோனி. ஊர் மார்த்தீக், மார்ஸேய் நகருக்கு மேற்கே, பேர் காயலின் கரையில் இருப்பது. மரி என்பவள் கூலிக்காரர்களுக்குச் சோறு போட்டுத் தங்க இடம் கொடுக்கும் வீடு ஒன்று நடத்துகிறாள். டோனி அங்கே வாடகைக்கு வருகிறான். நாளாவட்டத்தில் மரியின் படுக்கைக்கும் வந்துசேர்கிறான். பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஸ்பானியக் கிழவர் ஸெபாஸ்தியனின் மருமகள் ஜோஸஃபா மீது அவன் மனம் போகிறது. அவளைக் கட்டித்தரும்படி கிழவரிடம் அவன் பேசிக்கொண்டிருக்கும் அதே வேளையில், கல் குவாரி மேஸ்திரி அல்பேர் அவளை வழியில் மடக்கி இணங்க வைத்துவிடுகிறான். ஊர் நியாயப்படி ஜோஸஃபா அல்பேருக்கு, டோனி மரிக்கு. இரண்டு கல்யாணமும் ஒரே நாளில். பிறகு கிழவர் சாகிறார். சாகும் முன் ஜோஸஃபாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி டோனியிடம் வாக்கு வாங்கிக்கொள்கிறார். மரிக்குப் பொறாமை, படகில் தனியாகப் போய்க் காயலில் குதிக்கிறாள், செம்படவர்கள் காப்பாற்றுகிறார்கள். அதன் பின் டோனியின் முகத்திலேயே விழிக்க அவள் தயாரில்லை. டோனி குன்றின் மேல் ஒதுங்கிக்கொண்டு, கீழே ஜோஸஃபாவின் வீட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். ஜோஸஃபா தன் உறவுக்காரப் பையனோடு சேர்ந்து அல்பேரின் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடத் திட்டமிடுகிறாள். அல்பேர் விழித்துக்கொள்கிறான், இடுப்பு வாரைக் கழற்றி அடிக்கிறான், அவள் சுட்டுவிடுகிறாள். பையன் பணத்தோடு கம்பி நீட்டுகிறான். பிணத்தைக் காட்டுக்குக் கொண்டுபோய்த் தற்கொலைபோல ஜோடிக்கும்போது டோனி போலீஸிடம் அகப்பட்டு, கொலையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான், தப்பி ஓடுகிறான். அவனைக் காப்பாற்ற ஜோஸஃபா உண்மையைச் சொல்லிச் சரணடைந்துவிட்ட நேரத்தில், ரயில் பாலத்தருகே உள்ளூர்க்காரன் ஒருவன் டோனியைச் சுட்டு வீழ்த்துகிறான். நண்பன் ஃபெர்னானின் கைகளில் உயிர் போகிறது. அதே தண்டவாளத்தில் அடுத்த ரயில் வருகிறது. புதிதாகப் பிழைக்க வந்தவர்கள் பாட்டும் கையுமாக இறங்குகிறார்கள்.

இதைக் கதைச்சுருக்கமாகப் படிப்பவர் நம் டூரிங் டாக்கீஸில் பார்த்த பத்துப் படங்களை நினைத்துக்கொள்வார். இதை முதலில் நான் பார்த்தபோது (16 மி.மீ. பிரதி, பாதி வசனம் காற்றில் போய்விட்ட ஒலி) பக்கத்திலிருந்த கவிஞர் நண்பர் இரட்டைக் கல்யாணம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் திரையில் அந்தக் கல்யாணத்தில் சிரிப்பவர்கள் யார், சிரிக்காதவர்கள் யார் என்பதை அவர் கவனித்திருக்கலாம்.

கதை ரெனுவாருடைய கற்பனையல்ல. அவருடைய பழைய சிநேகிதர் ஜாக் மோர்த்தியே மார்த்தீக்கில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். ஜாக் லெவேர் என்ற புனைபெயரில் எழுதுகிறவர். முதல் உலகப்போருக்குப் பின்னான ஆண்டுகளில் அவ்வட்டாரத்தில் நடந்த ஒரு கொலையைப் பற்றித் திரட்டிவைத்திருந்த குறிப்புகளை அவர் ரெனுவாரிடம் கொடுத்தார். ஆக, மெலோடிராமா என்று எதைச் சொல்லித் தள்ளுகிறோமோ அது போலீஸ் காகிதத்திலிருந்து வந்தது, அப்பட்டமான நடப்பு. ரியலிஸம் என்று எதைக் கொண்டாடுகிறோமோ அதுதான் ரெனுவார் சேர்த்தது. இந்தத் தலைகீழ் விஷயத்தைச் சரித்திரக்காரர்கள் போதிய அளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

ரெனுவாரின் நிலைமை அப்போது நன்றாக இல்லை. ஓவியர் ரெனுவாரின் மகன். ஆரம்பகாலப் படங்களுக்காகத் தகப்பனாரின் ஓவியங்களை விற்றுச் செலவழித்தவர். 1934 ஆரம்பத்தில் வெளியான அவருடைய 'மதாம் பொவாரி', மூன்று மணி நேரத்துக்கு மேலான படம், வெட்டிக் குறுக்கப்பட்டு வந்து ஓடாமல் போயிற்று. கையில் பெரிய முதல் இல்லை. மார்ஸேயில் சொந்தமாகச் சாதனங்களும் லாபரட்டரியும் நடிகர் குழுவும் வைத்திருந்த நாடகாசிரியர் மார்ஸெல் பன்யோல் உதவிக்கு வந்தார். 'டோனி'யின் தயாரிப்பாளர் பியேர் கோ. ஆனால் சாமானும் ஆட்களும் விநியோகமும் பன்யோலிடமிருந்து. காமிராவுக்கு அண்ணன் மகன் க்ளோத் ரெனுவார், இருபது வயது. டோனியாக ஷார்ல் ப்ளாவெத், ஃபெர்னானாக எடுவார் தெல்மோன்: இருவரும் பன்யோல் வட்டத்துத் தென்னாட்டுக்காரர்கள். ஜோஸஃபாவாக நடித்த ஸெலியா மொந்தால்வான் மெக்ஸிகோவின் மேடைக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் பேர் பெற்றவர். ஸெட் கிடையாது, இருக்கிற வீடு, இருக்கிற குவாரி, இருக்கிற ரோடு. வசனத்தையும் ஓசையையும் படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே பதிவு செய்தார்கள்.

குறைந்த செலவு என்பதைக் கலைக்கொள்கையாக மாற்றிப் பேசுவது விமர்சகர்களுக்குப் பிடித்த வேலை. இங்கே அது தேவையில்லை. செலவு குறைவாக இருந்ததால் உள்ளூர் வாய் கிடைத்தது. முக்கியமான விளைவு அதுதான். பாரிஸ் ஸ்டுடியோவில் எடுத்திருந்தால் டோனி சுத்தமான மேடை ஃபிரெஞ்சு பேசியிருப்பான். இந்தப் படத்தில் இத்தாலிய ஃபிரெஞ்சும் ஸ்பானிய ஃபிரெஞ்சும் மார்ஸேய் ஃபிரெஞ்சும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கேட்கின்றன. யார் எப்போது வந்தார்கள், யாருக்கு இந்த மண்ணில் எத்தனை ஆழம் வேர், யார் யாரை அதட்டலாம் என்பதெல்லாம் குரலிலேயே இருக்கிறது. மேஸ்திரி அல்பேர் மட்டும் வேறு மாதிரி பேசுகிறான், வடக்கத்தி ஆள். அவன் வாயைத் திறந்ததும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடுகிறது.

இந்தக் குரல்களுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் உண்டு. முதல் உலகப்போரில் ஃபிரான்ஸ் ஏறக்குறைய 14 லட்சம் ஆண்களை இழந்தது. வயலுக்கும் சுரங்கத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. 1919லேயே இத்தாலியோடும் போலந்தோடும் அரசாங்கம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஆள் கொண்டுவர ஆரம்பித்தது. 1924இல் முதலாளிகள் ஒன்றுசேர்ந்து இதற்கென்றே ஒரு கம்பெனி வைத்தார்கள். 1931 ஜனத்தொகைக் கணக்கில் அங்கே வெளிநாட்டார் 27 லட்சத்துக்கு மேல். அவர்களில் இத்தாலியர் மட்டும் 8 லட்சம். அதற்குள் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. கூப்பிட்டு அழைத்தவர்களே போ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 1932 ஆகஸ்டில் தேசியத் தொழிலாளரைப் பாதுகாக்கும் சட்டம் என்ற பெயரில், ஒரு தொழிலில் வெளிநாட்டார் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். 1934-35இல் வடக்குச் சுரங்கப் பகுதிகளிலிருந்து போலிஷ் குடும்பங்கள் ரயிலேற்றி அனுப்பப்பட்டன. 'டோனி' பாரிஸில் வெளிவந்தது 1935 பிப்ரவரி. வெளிநாட்டுக்காரன் நம் ரொட்டியைத் தின்கிறான் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், அந்த வெளிநாட்டுக்காரனைக் கதாநாயகனாக்கிய படம் போணியாகவில்லை என்பதில் ஆச்சரியமில்லை.

தென்கரைக்கு இதில் இன்னும் பழைய ஞாபகம் ஒன்று உண்டு. மார்த்தீக்கிலிருந்து மேற்கே போனால் எய்க்-மோர்த் உப்பளங்கள். 1893 ஆகஸ்டில் அங்கே உப்பு வார வந்திருந்த இத்தாலியக் கூலிகளை உள்ளூர்க் கூட்டம் துரத்தித் துரத்திக் கொன்றது. அரசாங்கக் கணக்குப்படி எட்டுப் பேர். அவ்வருஷக் கடைசியில் ஜூரிகள் குற்றவாளிகள் எல்லோரையும் விடுதலை செய்தார்கள். படத்தில் டோனியைச் சுடுகிறவனுக்கு டோனி மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. தப்பி ஓடுகிற அந்நியன், கையில் துப்பாக்கி இருக்கிறது, சுடுகிறான். ரெனுவார் எய்க்-மோர்த்தை நினைத்துக்கொண்டுதான் அதை எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குண்டு காதல் முக்கோணத்துக்குள்ளிருந்து புறப்படவில்லை. மூன்று பேரில் யாரும் டோனியைக் கொல்லவில்லை. மெலோடிராமாவின் வழக்கமான கணக்கு இந்த இடத்தில் நேராகவில்லை. வெளியிலிருந்து ஒரு கை வந்து முடித்துவைக்கிறது.

இனிப் பொறாமைக்கு வருவோம். படத்தில் யார் யார் மீது பொறாமைப்படுகிறார்கள் என்பதைவிட எதன் மீது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மரிக்கு வீடு சொந்தம். டோனிக்கு அவள் படுக்கை என்பது அவள் கூரையும் அடுப்பும்கூட. அவளை விட்டு விலகுவது என்றால் மறுநாள் இரவு எங்கே படுப்பது என்ற கேள்வி வரும். கடைசியில் குன்றின் மேல் வெட்டவெளியில் அவன் கிடப்பது அந்தக் கேள்விக்கான நேரடி விடை. காதலன் ஏங்கும் காட்சி என்று அதைப் படித்தால் பாதிதான் படித்ததாகும். மரிக்கோ, அவன் போனால் ஓர் ஆண்துணை மட்டும் போகவில்லை. வாடகைக்காரர்களுக்கு முன்னால் அவளுக்கு இருந்த மரியாதையும் போகிறது. ஸெபாஸ்தியன் கிழவரிடம் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ஆண் வாரிசு இல்லை. ஜோஸஃபாவைக் கட்டுகிறவனுக்குத் தோட்டம். இது அல்பேருக்கும் தெரியும், டோனிக்கும் தெரியும். டோனி பெண் கேட்கும் காட்சியில் பேச்சு முழுவதும் நிலத்தையும் விளைச்சலையும் சுற்றியே போகிறது. அதை ரெனுவார் கேலியாக எடுக்கவில்லை. பெண் மேல் ஆசையும் நிலத்தின் மேல் ஆசையும் அவனுக்குள் இரண்டாகப் பிரிந்து கிடக்கவில்லை. குவாரிக் கூலிக்கு ஒரு துண்டு மண் என்பது வந்தேறி என்ற பேரிலிருந்து விடுதலை.

குளவிக் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ரோட்டில் வண்டியோடு வருகிறபோது ஜோஸஃபாவின் முதுகில் குளவி கொட்டிவிடுகிறது. கொடுக்கை எடுத்து விஷத்தை உறிஞ்சித் துப்பச் சொல்கிறாள். டோனி கூச்சத்தோடு குனிகிறான். உலக ஸினிமாவின் சரஸக் காட்சிகளில் இதற்கு ஈடு குறைவு என்பார்கள், உண்மைதான். வெயில், தூசி, அவள் சிரிப்பு, அவன் தடுமாற்றம் எல்லாம் ஒரே வீச்சில் வந்து போகின்றன. ஆனால் இதற்கு இணையாக இதே மாதிரி ரோட்டில் நடக்கும் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். அல்பேரும் அவளை வழியில்தான் மடக்குகிறான். அவனுக்குக் குளவியின் ஒத்தாசை தேவையில்லை; அவன் மேஸ்திரி. அது வசப்படுத்தலா வன்முறையா என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. இன்றைய பார்வையில் இது ஒரு குறை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதன் பின் நடக்கும் ஒவ்வொன்றும், கல்யாணம், அடி, துப்பாக்கி, தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே போகின்றன. அல்பேர் பணத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தூங்குகிறான் என்ற ஒரு விவரம் போதும், அந்தக் குடித்தனம் எப்படி நடந்தது என்று காட்ட.

இதே சமயம் பன்யோல் எடுத்த 'ஆஞ்ஜெல்' (1934) என்ற படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் வெளிப்புறத்திலேயே எடுத்தது. ழான் ஜியோனோவின் நாவலைத் தழுவியது. பண்ணைப் பெண்ணைப் பட்டணத்துக்காரன் மயக்கி மார்ஸேய்க்குக் கூட்டிப்போய்த் தொழிலில் தள்ளுகிறான். அவள் கைக்குழந்தையோடு திரும்பிவருகிறாள். தகப்பன் மானத்துக்குப் பயந்து நிலவறையில் பூட்டி வைக்கிறான். மலைநாட்டு உத்தமன் ஒருவன் வந்து அவளை மீட்கிறான். நல்ல படம், ஃபெர்னாந்தெலின் நடிப்புக்காகவே பார்க்கலாம். ஆனால் அதில் கெடுதல் பட்டணத்திலிருந்து வருகிறது. மண்ணும் மலைக்காற்றும் கழுவிவிடுகின்றன. கிராமம் என்றால் தூய்மை என்ற இந்த எண்ணம் எல்லா நாட்டு ஸினிமாவிலும் உண்டு. நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'டோனி'யில் கிராமம் யாரையும் கழுவவில்லை. அது ஒரு வேலைத்தலம். குவாரியில் மலையைப் பிளந்துகொண்டிருக்கிறார்கள். காயலின் கரையில் அந்த வருஷங்களில்தான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன: லவேராவில் 1933, லா மேதில் 1935. இது கிராமமாக இருக்கப்போகும் கடைசிக் காலம் என்பது படத்தின் வெளிச்சத்தில் எங்கோ தெரிகிறது. பிற்பாடு அந்தக் காயலில் மீன் பிடிக்கவே 1957இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்; அவ்வளவு கழிவு. மரியைத் தண்ணீரிலிருந்து தூக்கின செம்படவர்களின் தொழில் அத்தோடு நொடித்தது.

படத்தின் முகப்பில் ஓர் எழுத்து வருகிறது. லத்தீன் நாடான இந்தத் தெற்கில் இயற்கையே பாபேல் குழப்பத்தைத் தீர்த்து இனங்களைக் கலந்துவிடுகிறது என்ற பொருளில். எனக்கு இது படத்தோடு ஒட்டவில்லை. மேடையில் பேசுகிறவனின் நல்லெண்ணம் இது; படம் காட்டுவது வேறு. இயற்கை யாரையும் கலக்கவில்லை. கூலி நாளும் சாப்பாட்டு மேஜையும் கொஞ்சம் கலக்கின்றன, பாட்டு கலக்கிறது, போலீஸ் வந்ததும் எல்லாம் மறுபடி பிரிந்துவிடுகிறது. முகப்பு எழுத்தை எழுதிய ரெனுவாரைவிடக் கடைசிக் காட்சியை எடுத்த ரெனுவார் விவரம் தெரிந்தவர்.

திரைக்கதையில் ரெனுவாரோடு இன்னொரு பெயர் இருக்கிறது: கார்ல் ஐன்ஸ்டைன். நம் வட்டத்துக்கு இந்தப் பெயர் இன்னும் அதிகம் பழகியிருக்க வேண்டும். ஜெர்மன் கலை விமர்சகர். 1915இல் ஆப்பிரிக்கச் சிற்பத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம்தான், அச்சிற்பங்களை மானுடவியல் காட்சிப்பொருள்களாகப் பார்க்காமல் வடிவப் பிரச்னைக்கான விடைகளாகப் பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று. க்யூபிஸத்துக்கு அவர் அளவுக்கு நெருக்கமாக நின்று எழுதியவர்கள் குறைவு. 1928இல் பாரிஸுக்கு வந்தார். ஜார்ஜ் பத்தாய் போன்றவர்களோடு 'தொக்குமான்' என்ற பத்திரிகையில் (1929-30) உழைத்தார். யூதர், இடதுசாரி, 1933க்குப் பின் திரும்பிப் போக நாடு இல்லை. இப்படிப்பட்டவர் ஒரு கல் குவாரி கொலைக் கதைக்கு வந்து உட்கார்ந்தார் என்பதை வயிற்றுப் பிழைப்புக்குச் செய்த வேலை என்று சில பேர் ஒதுக்கிவிடுகிறார்கள். வயிற்றுப் பிழைப்பாகவே இருக்கட்டும். வந்தேறியின் கதையை வந்தேறி ஒருவர் எழுதினார் என்பது அதனால் பொய்யாகாது. அவர் 1936இல் ஸ்பெயினுக்குப் போய் அராஜகவாதிகளின் படையில் சேர்ந்து போரிட்டார். தோல்விக்குப் பின் திரும்பியவரை ஃபிரான்ஸ் முகாமில் அடைத்தது. 1940இல் ஜெர்மானியர் நெருங்கியபோது ஸ்பானிய எல்லையைத் தாண்ட அவருக்கு வழியில்லை. ஃபிராங்கோவை எதிர்த்துப் போரிட்டவரை அங்கே என்ன செய்வார்கள் என்பது தெரிந்தது. ஜூலை 5ஆம் தேதி, பிரனீஸ் மலையடியில் ஓர் ஆற்றில் குதித்து உயிரை விட்டார். அதே மாதம் 22ஆம் தேதி விஷி அரசு, 1927 முதல் குடியுரிமை பெற்ற அத்தனை பேர் காகிதங்களையும் மறுபடி சோதிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 15,000 பேர்வரை அதில் குடியுரிமை இழந்தார்கள். டோனி உயிரோடிருந்து ஃபிரெஞ்சுக் குடிமகனாக ஆகியிருந்தால் அவனுடைய காகிதமும் அந்த மேஜைக்குப் போயிருக்கும்.

முன்னோடி என்ற பட்டத்துக்கு வருகிறேன். இந்தப் பட்டத்தை உறுதி செய்வதற்காக, லுக்கினோ விஸ்கோந்தி 'டோனி'யில் உதவி டைரக்டராக இருந்தார் என்று புத்தகம் புத்தகமாக எழுதிவைத்திருக்கிறார்கள். விஸ்கோந்தி ரெனுவாரிடம் வேலை செய்தது 1936இல், 'பார்த்தி த காம்பான்ய்' என்ற வேறு படத்தில். 'டோனி' எடுத்தபோது அவர் அங்கே இல்லை. பரம்பரை வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் சாட்சியைத் தயார் செய்வது கஷ்டமில்லை. உண்மையான தொடர்பு இன்னும் ருசியானது: 'ஒஸெஸ்ஸியோனே' (1943) படத்துக்கு மூலமான அமெரிக்க நாவலின் ஃபிரெஞ்சு மொழிபெயர்ப்பை விஸ்கோந்திக்குக் கொடுத்தது ரெனுவார். அந்தக் கதை என்ன? ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை, கிழப் புருஷன், வழிப்போக்கன், ஆசை, கொலை. ஆக ரெனுவார் கையிலிருந்து இத்தாலிக்குப் போனது வெளிப்புறப் படப்பிடிப்பு முறை மட்டுமல்ல. மெலோடிராமாவும் கூடவே போயிற்று. நியோ-ரியலிஸத்தின் ஜாதகத்தில் இந்தக் கட்டத்தை அழித்துவிட்டுத்தான் பலர் பலன் சொல்கிறார்கள்.

ரெனுவாரே இந்தப் பிதா ஸ்தானத்தை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1974இல் வந்த சுயசரிதையில், இத்தாலியர்கள் பேச்சைப் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தார்கள், தனக்கோ அந்தந்த இடத்தின் ஓசை இல்லாமல் படமே இல்லை என்று வித்தியாசம் காட்டுகிறார். சரியான வித்தியாசம். ரோமில் எடுத்த மகத்தான படங்களில் ஏழையின் முகம் நிஜம், குரல் வேறொருவருடையதாக இருக்கலாம். 'டோனி'யில் இரண்டும் ஒருவருக்கே சொந்தம்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு நூல் வருகிறது, வலிந்து கட்டியதல்ல. 'டோனி'யின் காமிராக்காரர் க்ளோத் ரெனுவார்தான் 1949-50இல் வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் எடுத்த 'தி ரிவர்' (1951) படத்துக்கும் காமிரா. அந்தப் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கத் தினமும் வந்து, விளக்குகள் எங்கே வைக்கப்பட்டன என்று படம் போட்டுக் குறித்துக்கொண்ட இளைஞர் ஸுப்ரத மித்ரா. சில வருஷத்தில் 'பதேர் பாஞ்சாலி'யை (1955) ஒளிப்பதிவு செய்தார். இடம் தேட ரெனுவாரோடு சுற்றியவர் அப்போது ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலையிலிருந்த ஸத்யஜித் ராய். படத்தில் மெலனியாக வந்தவர் கலாக்ஷேத்திரத்தில் பரதம் பயின்ற ராதா ஸ்ரீராம், பிற்பாடு 1980 முதல் 2013 வரை அடையாறு தியாஸபிகல் சொஸைட்டியின் தலைவராக இருந்த ராதா பர்னியர். 'தி ரிவர்' கதையும் பொறாமைதான்: ஊருக்கு வந்த ஓர் அந்நியனை மூன்று பெண்கள் விரும்புகிறார்கள். ஆனால் அது சணல் ஆலை மானேஜரின் பங்களாவுக்குள் நடக்கும் பொறாமை. அங்கே யாருக்கும் மறுநாள் கூரையைப் பற்றிக் கவலை இல்லை. கலர் அற்புதம். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஆலையில் சணல் சுமந்தவர்களுடைய பொறாமைக் கதை எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. அதை எடுக்க ரெனுவாரிடம் வங்காளத்து மோர்த்தியே யாரும் இல்லை.

நம்மவர்கள் 'தி ரிவர்' வழியாக ரெனுவாரிடமிருந்து எடுத்துக்கொண்டது வெளிச்சத்தை, நிதானத்தை, மனிதர்கள் மீது ஒரு தாட்சண்யத்தை. அதற்காக நாம் நன்றியோடிருக்கலாம். போலீஸ் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கள்ளக்காதல், வெட்டு, குத்து என்று தினத்தாள்கள் மூன்று அங்குலத்தில் முடித்துவிடும் செய்தியை நம் தீவிரக் கலைஞர்கள் தொடவில்லை. அது மட்டமான படங்களுக்கு உரியது என்று விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அந்த மூன்று அங்குலத்துக்குள் யாருடைய நிலம், யார் மேஸ்திரி, யார் எங்கிருந்து வந்தவன், வீட்டுப்பத்திரம் யார் பேரில் என்ற கேள்விகள் எல்லாம் மடித்துவைக்கப்பட்டிருக்கின்றன. மட்டமான படங்கள் அவற்றைப் பிரிக்கப் போவதில்லை, நாமும் பிரிக்கவில்லை. சிறுகதையில் சிலர் பிரித்திருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஸினிமாவைப் பற்றிச் சொல்கிறேன்.

'டோனி' முழுமையான படம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடுவில் தொய்வு உண்டு. ப்ளாவெத்தின் முகத்தில் ஏக்கத்துக்கு இடம் இருக்கும் அளவுக்குக் கோபத்துக்கு இல்லை. உறவுக்காரப் பையன் பாத்திரம் வெறும் சௌகரியத்துக்காக வந்தது. மொந்தால்வான் சில காட்சிகளில் மேடையை மறக்கவில்லை. ஆனால் கொலைக்குப் பின்னான பகுதியில் படம் ஏறும் உயரத்தை ரெனுவாரின் பெயர்பெற்ற படங்களிலும் அடிக்கடி பார்க்க முடியாது. அந்தப் பகுதி இன்று நமக்குக் கிடைப்பது முழுசாக அல்ல. அல்பேரின் பிணத்தைச் சலவைத் துணி வண்டியில் வைத்து, மேலே துணிகளைப் போட்டு மூடி, ஜோஸஃபாவும் டோனியும் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வழியில் கிதார் வாசித்துக்கொண்டு திரியும் கார்ஸிக்கப் பாட்டுக்காரர்கள் எதிர்ப்பட்டு, ஒன்றும் தெரியாமல் கூடவே பாடிக்கொண்டு வருகிறார்கள். துணி துவைக்கப் போகும் தினசரி வேலையும் பிண ஊர்வலமும் கல்யாண மேளமும் ஒன்றான காட்சி. ரெனுவார் எடுத்தார். வெளியீட்டுக்கு முன் அதை வெட்டிவிட்டார்கள். வெட்டின துண்டு பிறகு அகப்படவே இல்லை.

டோனி விழுந்த இடத்திலிருந்த கரோந்த் ரயில் பாலம் 1915இல் திறந்தது. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியர் அதைத் தகர்த்தார்கள். போருக்குப் பின் மறுபடி கட்டினார்கள். படத்தின் பிரதியையும் புதுப்பித்தார்கள். 2019இல் காண் விழாவின் பழம்படப் பிரிவில் காட்டினார்கள். ஒலி இப்போது சுத்தமாகக் கேட்கிறது. காற்றும் சில்வண்டும் குவாரிச் சத்தமும் தனித்தனியாகத் தெரிகின்றன. அந்தச் சலவை வண்டி அதிலும் இல்லை.